நூற்றைம்பத்து மூன்றாம் தலைமுறை

அக்டோபர் 9, புதன்

என் பெயர் முத்தரசி. பதினோராம் வகுப்பு 'பி' பிரிவில் என்னை ரேஷன் என்று கூப்பிடுவார்கள். அரசி, அரிசி, ரேஷன்: இப்படித்தான் வந்து சேர்ந்தது. வேதியியல் லேபில் இரண்டு ஜாடிகளின் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியதற்காக, அன்றன்று செய்த தப்பை எழுதிக் காட்டும்படி மிஸ் ஒரு நோட்டு கொடுத்தார். ஒரு பக்கம் போதாது மிஸ் என்றேன். இன்னொரு நோட்டும் கொடுத்தார். இது அந்த இன்னொரு நோட்டு. இதை யாருக்கும் காட்டப்போவதில்லை.

அம்மா சண்முகக்கனி, சுகாதாரத் துறையின் பூச்சி ஆபீஸில் கொசு வளர்க்கிறாள். ஊரே அடிக்கிற ஜீவனுக்கு எங்கள் வீட்டுச் செலவில் சாப்பாடு. வெள்ளிக்கிழமைதோறும் வலைக்கூண்டின் துணிக்குழாய் வழியாக இடது கையை முழங்கைவரை உள்ளே விட்டு, பதினைந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பாள். ஐந்நூறு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்து எழுவார்கள். முன்பு முயலை வைத்திருந்தார்களாம். முயலைக் கடிக்கவிடக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு வந்தது. அம்மாவைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

"சுத்தமான கொசுட்டி அது. பதினாலு வருசமா வெளிய போகாத வம்சம். நோய் நொடி ஒண்ணு கெடையாது" என்பாள். மருந்து அடித்தால் ஊர்க் கொசு சாகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க இந்த நல்ல குடும்பத்துக் கொசு வேண்டுமாம். இப்போது நூற்றைம்பத்து இரண்டாம் தலைமுறை. எல்லாம் அம்மாவின் ரத்தம். அப்படிப் பார்த்தால் எனக்கும் ரத்த சம்பந்தம்.

ஆயுத பூஜைக்காக ஆபீஸில் வெள்ளையடிக்கிறார்கள். சுண்ணாம்பு நெடியில் முட்டை வீணாகிவிடும் என்று இரண்டு பழுப்புக் கவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். ரூல்ஸ்படி கூடாது, ஆனால் வருஷா வருஷம் இதுதான் பழக்கம். உள்ளே வடிதாள் பட்டைகள், அவற்றில் மிளகுத்தூள் தூவியதுபோல் முட்டைகள். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டால் எழுந்துகொள்ளும். ஒரு கவரில் கிளிப் போட்ட சீட்டு: 'கூண்டு'. இன்னொன்றில்: 'உப்புக்கிணற்றுத் தெரு'. அந்தத் தெருவில் காய்ச்சல் கிளம்பியிருப்பதால் அங்கே கறுப்பு டப்பா வைத்துப் பிடித்த முட்டைகள். வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டுமாம்.

என் கை சும்மா இருக்குமா? சீட்டு இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டேன். நாளைக்குச் சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 10, வியாழன்

கணக்குப் பேப்பர் வந்தது. முட்டை. "நீ ஆயிரம் முட்டை எண்ணுத, நான் ஒண்ணுதான வாங்கினேன்" என்றேன். போன் பறிமுதல். அதுவும் மாடி வீட்டு அக்கா முன்னால். இனி அம்மாவோடு பேசுவதில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

பேசாத விரதம், இரண்டாம் நாள். ஆபீஸ் பூஜைக்கு மட்டும் போனேன், சுண்டல் இருக்கிறது என்பதால். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், கொசுக்கூண்டுக்குக் குங்குமம். சூடம் காட்டும்போது உள்ளே இருந்தவை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடின. "பக்தி இல்லாத பயலுவ" என்றார் ஜெபாக்கா. ஜெபக்கனி அக்கா அம்மாவோடு வேலை பார்ப்பவர். சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனால் சூடத்தட்டு அவர் கையில்தான் இருந்தது.

அக்டோபர் 14, திங்கள்

அம்மா கவர்களை எடுத்துப் பையில் வைத்தாள். "எம்மா" என்றேன். "போன் கெடையாது" என்றாள், திரும்பாமலே.

சரி, போ. பதினாலு வருஷ அனுபவம். பார்த்ததும் தெரிந்துகொள்வாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

தண்ணீர் வரும் நாள். ஒன்பது நாளைக்கு ஒருமுறை வருகிற விருந்தாளி. நான் குழாயடியில், அம்மா டிரம் தேய்த்துக்கொண்டு. உள்சுவரை நார் போட்டுத் தேய்க்காவிட்டால் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்குமாம். விரதம் முடிந்து பேச ஆரம்பித்துவிட்டோம்.

"ஏம்மா, டெங்கு வந்தா கொசுவுக்கும் காய்ச்சலடிக்குமா?"

"அடிக்காது. அதைக் கொன்னுட்டா வைரஸுக்கு ஏது வண்டி? கொஞ்சம் சோந்து போகும். முட்டை கொறையும். மத்தபடி சாகுத வரைக்கும் ஒடம்புல வச்சிட்டுத் திரியும்."

"வண்டிக்கு வாடகை கெடையாதா?"

"உண்டு. நெறைய தடவ குத்த வைக்கும். ஒரே இடத்துல உக்காந்து குடிக்க விடாது. நாலு பேரக் குத்துனாத்தான அதுக்கு லாபம்."

வைரஸ் தன்னைப் பார்த்துத் தானே எழுதிக்கொள்ளுமாம். எழுதும்போது தப்பும் தவறுமாக எழுதுமாம். அந்தத் தப்புகளில் முக்கால்வாசி தானாகச் செத்துவிடும். என்றைக்காவது ஒரு தப்பு மனிதனுக்குள்ளும் பிழைக்கும், கொசுவுக்குள்ளும் பிழைக்கும். அதுதான் அடுத்த வருஷத்துக் காய்ச்சல். எனக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் கிளாஸில் சேர்க்கலாம்.

டெங்கில் நாலு ரகம் என்றாள். ஒரு ரகம் வந்துபோன ஆளுக்கு வேறு ரகம் வந்தால்தான் ஆபத்து அதிகம். அவளுக்கு ஒன்று வந்திருக்கிறது, நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது. ஜெபாக்காவுக்கும் மூன்று வருஷம் முன்பு.

"தாய்க்கு இருந்தா முட்டைக்கும் போவுமா?"

"போவும். ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு. அதுக்குத்தான தெரு முட்டைய லேபுக்கு அனுப்பியாச்சு."

"முட்டையப் பாத்தாலே எந்த ஊருன்னு தெரியுமா?"

"எப்படிட்டி தெரியும்? அது என்ன மூஞ்சியா?"

டிரம் நிரம்பிவிட்டது. குழாயை மூடினேன்.

ஆயிரத்தில் ஒன்று என்றால் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம். எங்களுக்கு எந்தக் குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது?

அக்டோபர் 23, புதன்

இன்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். அம்மா அல்வாவோடு வந்தாள். காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்கும் லிஸ்டில் அவள் பெயர் இருக்கிறதாம். அடுத்த மாதம் ஆர்டர். "அதுவரைக்கும் ஒரு சின்னப் புகார் வந்தாலும் பேரை அடிச்சிருவாவ" என்றாள். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அம்மா அடுப்படியில் பாடினாள். பாடத் தெரியாது. பாடினாள்.

என் பங்கு அல்வாவை மூடிவைத்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி

சாயங்காலம் அம்மாவின் கை தடித்திருந்தது. வழக்கமாகச் சிவப்புப் புள்ளி மட்டும்தான் இருக்கும்.

"நூத்தம்பத்து மூணு ஒரு மாதிரி இருக்குட்டி. கையை உள்ள விட்டதும் பயந்து பறக்கு. பொறவு வந்து உக்காருது. ஒரு வாய் குடிக்க ஒம்பது இடத்துல குத்துது. கூண்டுல பொறந்த மாதிரியே இல்ல."

"தீவாளி மூடா இருக்கும்" என்றேன்.

சிரித்தாள். நான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். ஐந்நூறு இடம். எண்ணிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

"முட்டை பாதிக்குப் பாதிதான்" என்று அம்மா சொன்னாள். முறுக்கு சுட்டோம். நான் பிழிந்ததெல்லாம் கேள்விக்குறி மாதிரி வந்தது.

அக்டோபர் 30, புதன்

அம்மாவுக்குக் காய்ச்சல். முறுக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. 103. மஸ்கட்டிலிருந்து அப்பா போன் செய்தார். அம்மா தூங்குகிறாள் என்றேன். தூங்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று வெளிச்சத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

நவம்பர் 1, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரி, பெண்கள் காய்ச்சல் வார்டு. டெங்கு என்று எழுதிவிட்டார்கள். பிளேட்லெட் எழுபத்தெட்டாயிரம்.

ஜெபாக்கா எங்கள் வீட்டுக்குப் போய் டிரம், பூந்தொட்டி, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு எல்லாம் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு புழு இல்ல. பெறவு எங்கேருந்து வந்துச்சு சண்முகக்காவுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"நான் கூப்பிடலைக்கா" என்றேன்.

"எப்பப் பாரு நையாண்டி" என்று தலையில் தட்டினார்.

பக்கத்துப் படுக்கையில் வேலம்மாள் அக்கா. பீடி சுற்றுகிறவர். ஊசி குத்திய கையால் போர்வை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே பேசுவார். "ஏ பிள்ளே, ஒரு ஜோக்கு சொல்லு. வந்ததுலேருந்து எல்லாரும் செத்த வீடு மாதிரி இருக்காளுவ." சொன்னேன். "இந்தக் கடிக்குக் கொசுவே தேவலாம்" என்றார். சரியான ஆள். எந்தத் தெரு என்று கேட்டேன்.

உப்புக்கிணற்றுத் தெரு.

நவம்பர் 2, சனி

ஜெபாக்கா கஞ்சி கொண்டுவந்தார். அவரும் வேலம்மாள் அக்காவும் பேசிக்கொண்டார்கள்.

"எங்க தெருவுல பதினோரு பேருக்கு இருக்கு. பொகை அடிக்குத வண்டி வரவே இல்லியே" என்றார் வேலம்மாள் அக்கா.

"உங்க தெரு முட்டையில வைரஸ் இல்லன்னு லேபுலேருந்து எழுதி வந்துட்டு. அதனால வண்டிய வேற வார்டுக்கு அனுப்பிட்டாவ. எனக்கும் ஒண்ணும் புரியல. முட்டை அவ்வளவு சுத்தமாம். வளத்த முட்டை மாதிரி சுத்தமாம்."

நான் கஞ்சி டம்ளரைக் கழுவப் போனேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

நவம்பர் 3, ஞாயிறு

காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. சந்தோஷப்பட்டேன். டாக்டர் சந்தோஷப்படவில்லை. "இனிமேதாம்மா கவனமாப் பாக்கணும்" என்றார். பிளேட்லெட் பத்தொன்பதாயிரம். அம்மாவின் கைகால் ஜில்லென்று இருந்தது. பல் ஈறில் ரத்தம். நானே துடைத்தேன்.

காதருகே குனிந்து சொன்னேன். "எம்மா, கவர் ரெண்டுலயும் சீட்ட நான்தான் மாத்திட்டேன். உன் கூண்டுல இருக்கது தெரு முட்டை."

கண்ணைத் திறந்தாள். கோபம் இல்லை. கணக்குப் போடுகிற முகம். உதடு அசைந்தது. "ஜெபா… நாளைக்கு…" என்றாள். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் என்னை விடவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. லீவில் தவறிப்போன வெள்ளிக்கிழமைக்காக, அம்மாவுக்குப் பதிலாக நாளைக் காலை கூண்டுக்குக் கை கொடுக்கப்போவது ஜெபாக்கா. மூன்று வருஷம் முன்பு டெங்கு வந்த ஜெபாக்கா. தீபாவளி லீவு முழுக்கச் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் குடித்துக் காய்ந்துகிடக்கும் ஐந்நூறு.

அம்மாவின் செல்லிலிருந்து பத்து முறை போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை, அணைத்துவைத்திருக்கிறார். எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பினேன். மதியம் பதில் வந்தது. கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மூன்று பொம்மைகள். கீழே, 'அம்மா இருக்குற நிலைமையில இப்பிடியா வெளையாடுவ? போய்ச் சாப்பிடு.'

மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. கோபம் போல.

போன வருஷம் இதே ஜெபாக்காவுக்கு, உங்களுக்கு ஆர்டர் வந்துவிட்டது என்று விளையாட்டுக்குப் போன் செய்தவள் நான்தான். அன்று அவர் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டார். என்னால் இப்போது எந்த வார்த்தையால் நம்பவைக்க முடியும்?

நவம்பர் 4, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பஸ் பாலத்தில் நின்றுவிட்டது. இறங்கி ஓடினேன். பத்து ஐந்துக்குக் கொசு அறைக்குள் போனேன். ஜெபாக்கா வளையலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, துணிக்குழாயின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கை விடாதீங்க. அது தெருக் கொசு."

"வாட்டி. அம்மாக்கு எப்படி இருக்கு?"

"அக்கா, நெசமா சொல்லுதேன். நான்தான் மாத்தினேன்."

"நேத்தே பாத்தேன் உன் கதைய. வரவர உனக்கு எடம் பொருள் தெரியல. தள்ளு, பசியில கெடக்கு, சண்முகக்கா வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

அழுதேன். பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை அழுது காட்டியிருக்கிறேன்! அதே கண்ணீர்தான் வந்தது, அதே மாதிரிதான் வந்தது. ஜெபாக்கா பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். விரல்நுனி குழாய்க்குள் போனது.

கூண்டைத் தூக்கிவிட்டேன். இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினேன். அங்கே ஐஸ்கிரீம் கடையில் இருப்பதுபோல் படுத்த வாக்கில் ஒரு பெரிய ப்ரீசர் உண்டு. கழித்த கொசுக்களை அதில்தான் போடுவார்கள். மூடியைத் திறந்து கூண்டை உள்ளே தள்ளி, மூடி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்குட்டி! பதினாலு வருசத்து வம்சம்ட்டி அது!" ஜெபாக்கா என் காலைப் பிடித்து இழுத்தார். சடையைப் பிடித்து இழுத்தார். அடித்தார், நல்ல அடி. நான் மூடியின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டு ஆபீசர் வந்தார்.

"யாரு இது?"

"சண்முகக்கனி மவ சார்."

"இறங்கும்மா. என்ன இருந்தாலும் பேசிக்கலாம்."

"ஒரு மணி நேரம் ஆகட்டும் சார். சீக்கிரம் எடுத்தா மயக்கம் தெளிஞ்சி எந்திரிச்சிரும். அம்மா சொல்லியிருக்கா."

அதைக் கேட்டதும் ஜெபாக்காவின் கை நின்றுவிட்டது. விளையாட்டுக்குச் செய்கிறவள் ஒரு மணி நேரம் கேட்க மாட்டாள் என்று தோன்றியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

மேலே உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடியில் குளிர் ஏறி இரண்டு தொடையும் மரத்துவிட்டது. சீட்டு மாற்றியது, உப்புக்கிணற்றுத் தெருவின் பெயரில் லேபுக்குப் போனது அம்மாவின் சுத்தமான முட்டை என்பது, அந்தத் தெருவுக்குப் புகை அடிக்கும் வண்டி போகாதது, இந்தக் கூண்டு, அம்மாவின் கை.

ஆபீசர் ஒன்றுதான் கேட்டார். "கவர் உன் கைக்கு எப்படி வந்தது?"

வீட்டுக்கு வந்தது என்றால் அம்மாவின் பெயர் லிஸ்டிலிருந்து போய்விடும். "பூஜைக்கு இங்க வந்தப்போ அம்மாவுக்குத் தெரியாம எடுத்து மாத்தினேன் சார்" என்றேன். தயங்காமல் சொன்னேன்.

ஜெபாக்கா மூக்கைத் துடைத்தார். "இல்ல சார். பூஜையன்னைக்கு கவர் இங்க இல்ல. வெள்ளையடிக்கும்போது நாங்கதான் வீட்டுக்குக் கொண்டு போவோம். இந்த வருசம் அவுக, போன வருசம் நான். புள்ள மேல மட்டும் எழுதாதீங்க."

ஆபீசர் புதிதாக வெள்ளையடித்த சுவரைப் பார்த்தார். பிறகு யாருக்கோ போன் செய்து, உப்புக்கிணற்றுத் தெருவுக்கு உடனே வண்டி வேண்டும், முந்தைய முடிவு தப்பு என்றார்.

பதினொன்று பதினைந்துக்கு இறங்கினேன். நிற்க முடியவில்லை. ஜெபாக்கா மூடியைத் திறந்து பார்த்தார். கூண்டின் தரையில் கறுப்பு உமி மாதிரி கிடந்தது.

பழைய தலைமுறைக் கொசு ஒன்றும் உயிரோடு இல்லாததால், லேபுக்குப் போன சுத்தமான முட்டையில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று அவர்கள் விசாரித்தார்கள். எல்லாவற்றையும் பொரித்து அரைத்துப் பரிசோதித்தாகிவிட்டதாம்.

நவம்பர் 5, செவ்வாய்

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறவில்லை. இரண்டு பை பிளேட்லெட் ஏற்றினார்கள். கண்ணாடி வழியாக ஒரு பாதம் மட்டும் தெரிகிறது. அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்காமல் விட்டால் நின்றுவிடும் போலிருக்கிறது.

அம்மாவின் பையை எடுக்கப் பழைய வார்டுக்குப் போனேன். வேலம்மாள் அக்காவின் படுக்கையில் வேறு யாரோ. ஆயா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"மாத்தியாச்சு" என்றார், நிமிராமல்.

வேறு வார்டுக்கு மாற்றியிருப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி, எத்தனையோ வார்டு.

நவம்பர் 6, புதன்

பாதம் அசைந்தது. பிளேட்லெட் இருபத்தாறாயிரம். இன்று ஜோக் எதுவும் தோன்றவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

அம்மாவைப் பழைய வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஐம்பத்தோராயிரம். முகம் வீங்கி வேறு ஆள் மாதிரி இருந்தாள். கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி:

"ஜெபா கையை விட்டாளா?"

"இல்லம்மா."

"கூண்டு?"

"ப்ரீசர்ல போட்டுட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணிக்கும் மேல."

"சரி" என்றாள். வேலை சரியாக நடந்ததா என்று கேட்டுக்கொள்கிற குரல். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் வாய் கோணியது. இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள், அதில் யாரோ இருந்துவிட்டுப் போனதுபோல. "ஒண்ணுகூட இல்லியா" என்று அழுதாள். கொசுவுக்காக ஒருத்தி அழுவதை நான் பார்த்ததில்லை. வேறு சமயமாக இருந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

ஆர்டரைப் பற்றி அவள் கேட்கவில்லை. ஜெபாக்கா அதைப் பற்றிப் பேசாமல் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அதிலேயே தெரிந்திருக்கும்.

மதியம் போல அம்மா தலையைத் திருப்பிப் பக்கத்துப் படுக்கையைப் பார்த்தாள்.

"இங்கன பீடி சுத்துத பொம்பள ஒருத்தி இருந்தாளே. உன் ஜோக்குக்குச் சிரிப்பாளே."

"வேற வார்டுக்கு மாத்திட்டாங்க."

"எந்தத் தெரு அவ?"

சொன்னேன்.

அம்மா என்னையே பார்த்தாள். நான் சலைன் பாட்டிலைப் பார்த்தேன். சொட்டு, சொட்டு.

"எந்த வார்டு?"

"தெரியலம்மா."

"போயி கேட்டுட்டு வா."

"பெறவு கேக்கேம்மா. உனக்குக் கஞ்சி…"

"கஞ்சி இருக்கட்டும். கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லு. உள்ளத அப்படியே சொல்லு."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நர்ஸின் மேசை இங்கிருந்து தெரிகிறது. பெரிய நீல ரிஜிஸ்டர் திறந்தேதான் இருக்கிறது. இரண்டு பேர் ஏதோ கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது மேசை முன்னால் யாரும் இல்லை.

நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கையால் கேட்கிறார்.

போகிறேன்.